கதவுத் துட்டு

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், அடுப்பில் கஞ்சி கொதித்து அடங்கிக்கொண்டிருந்தது, அப்போதுதான் எமரன்சியாவின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. கீல் முனகுகிற சத்தம்தான், ஆனால் எந்தக் கதவுக்கும் பொருந்தாத அளவுக்குச் சின்னது, எறும்பு ஒன்று தன் வீட்டு வாசலைத் திறந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி. அவள் திரும்பித் தெருக்கதவைப் பார்த்தாள். அது எப்போதும்போல ஒருக்களித்தே நின்றது. பிறகு தொட்டிலில் கிடந்த மூன்று மாதப் பவுலி பசிக்கு அழ ஆரம்பித்தாள், அவள் அழுத அதே நேரத்தில் அலமாரிக் கிண்ணத்துச் சில்லறைக்குள்ளிருந்து இன்னொரு பவுலி அழுதாள், கடுகளவு பவுலி, அதே மூச்சு, அதே விக்கல். எதிர்வீட்டுப் பிரகாசி மைனியின் முந்தானை முடிச்சிலிருந்து இன்னொன்று அழுதது, தெருமுனையில் இஞ்ஞாசியின் டீக்கடைக் கல்லாவிலிருந்து நாற்பது ஐம்பது அழுதன, கடைசிப் பஸ் கண்டக்டரின் தோல்பைக்குள் ஒரு வகுப்பறையே அழுதது, கோயிலில் மாலைப் பூசை நடந்துகொண்டிருக்க உண்டியல் பெட்டி வாய்விட்டு அழுதது. இப்படி அன்றைக்கு அந்தக் கடற்கரையின் ஐந்து துறைகளிலும் கதவுத் துட்டு கிடந்த இடமெல்லாம் ஒரே பிள்ளை அழுது, ஒரே தாய் “ஓ ஓ வந்துட்டேன் வந்துட்டேன்” என்று ஓடி வந்து, ஒரே பால் குடித்து ஓய்ந்தது.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோது இஞ்ஞாசி கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

“நேத்து உன் பிள்ளை கல்லாவுக்குள்ள அழுதுச்சும்மா. ரெண்டு துட்டைத் தனியா எடுத்துக் காதுல வச்சுப் பார்த்தேன். ரெண்டும் ஒரே சுருதி.”

“எனக்கும் கேட்டுச்சு,” என்றாள் எமரன்சியா.

“பால் பத்துதா அதுக்கு?”

அவ்வளவுதான் கேட்டான்.

அந்தத் துட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஐந்து துறைக்கும் ஐந்து காசு, ஒரு துறையில் மீன் விற்ற காசு அடுத்த துறையில் ஒரு டீக்குக்கூட ஆகாது, ஆகவே ஐந்து ஊரும் கூடிப் பேசி, பேசிப் பேசிச் சண்டை போட்டு, சண்டை போட்டுக் களைத்து, இனி எல்லாருக்கும் ஒரே பணம் என்று முடிவு செய்தன. ஒரு பக்கம் எல்லாருக்கும் பொது: வளைந்த கடல் ஒன்று, அதன் ஓரமாக ஐந்து புள்ளி, நடுவில் எண். மறுபக்கம் அவரவர் ஊருக்கு அவரவர் படம். ஆமைத்துறைக்கு ஆமை இருந்தது, நெடுந்திடலுக்குக் கலங்கரை விளக்கம் இருந்தது, காவிக்கரைக்குச் சிவந்த குன்றும் உப்பங்காலுக்கு வெள்ளை உப்புக் குவியலும் இருந்தன. மடத்துமுனைக்குத்தான் ஒன்றும் இல்லை. “நம்மகிட்ட இருக்கிறது பயம் ஒண்ணுதான், அதை எப்பிடி அச்சடிக்கிறது?” என்று இஞ்ஞாசி ஊர்க்கூட்டத்தில் கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு யாராவது வரைந்து அனுப்புங்கள் என்று கோயில் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

எமரன்சியா அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். கடல் தெரியாத ஊரில், கன்னியாஸ்திரிகளின் பள்ளி விடுதியில் படித்தவள், சிஸ்டர் கொன்சாகாவிடம் கோடு போடக் கற்றவள். விடுதியின் பெரிய கதவைச் சிஸ்டர் கொன்சாகா தினமும் ஒன்பது மணிக்குச் சாத்தி, முழங்கை நீளத் தாழ்ப்பாளைத் தள்ளுவார், அது கடகடவென்று ஓடிப்போய் ‘டக்’ என்று குழியில் விழும், அந்த டக் கேட்ட பிறகுதான் அறுபது பிள்ளைகளும் கண்ணை மூடும். மடத்துமுனையில் அந்தச் சத்தமே கிடையாது. அங்கே ஒரு வீட்டு ஆண் கடலில் இருக்கிறவரை அந்த வீட்டுக் கதவுக்கு உள்தாழ் போடக் கூடாது, ஒரு கை நுழைகிற அளவுக்கு ஒருக்களித்து வைக்க வேண்டும். உள்ளே தாழ் விழுந்தால் கடல் வெளியே தாழ் போட்டுவிடும் என்பார்கள். அந்தப் பித்தளைத் தாழ்ப்பாள்கள் துடைத்து எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தன, ஆண்கள் கரையிலிருக்கும் நாட்களில் மட்டும் ஓடுவதற்காக. அவள் புருஷன் தொபியாஸ் கப்பல் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவன். கல்யாணமாகி ஐந்தாம் மாதத்தில் பதினாறு மாத ஒப்பந்தத்துக்கு அவன் கிளம்ப இருந்தான், அவளுக்கு அப்போது மூன்று மாதம். வயிற்றில் பிள்ளையும் ஒருக்களித்த கதவுமாக வரப்போகும் ராத்திரிகளை நினைத்து நினைத்துத்தான், அவள் அந்த நோட்டீஸுக்குத் தன் வீட்டுக் கதவையே வரைந்தாள்: பலகையின் ரேகை, குமிழ், நிலையில் அடித்த சிலுவை ஆணி, நடுவில் அந்த இடுக்கு. ஊர் அதைப் பார்த்ததும் வேறு படம் பார்க்கவில்லை.

நாணயச்சாலையிலிருந்து செய்யிது ஐதுரூஸ் என்கிற அதிகாரி வந்தார். ஆமைத்துறைக்காரர், நிதானமானவர், பேசுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம்.

“படம் நல்லாருக்கும்மா. கதவை மட்டும் மூடி வரைஞ்சு குடுங்க. நகத்தளவு காசு, இந்த இடுக்கு அச்சுல நிக்காது.”

“மூட முடியாது சார்.”

“ஏன்?”

“எங்க வீட்டுக்காரர் வர்ற மாசம் கப்பல் ஏறுறார்.”

அவருக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற பிரகாசி மைனிதான் எடுத்துச் சொன்னாள், சொல்லும்போதே சிலுவை போட்டுக்கொண்டாள். மூடிய கதவைக் காசில் அடித்து ஊர் ஊராக அனுப்பினால் மடத்துமுனையில் ஒரு படகு மிஞ்சுமா? ஐதுரூஸ் கண்ணாடியைத் துடைத்தார்.

“முழுச் செம்புல அடிச்சா ஒரு துட்டுக்கு ஒன்றரைத் துட்டுச் செலவாகும், ஆளாளுக்கு உருக்கி வித்துருவாங்க. அதனால உள்ள எஃகு, மேல செம்பு, வெங்காயத் தோல் கனத்துக்கு. மத்த ஊர்ப் படமெல்லாம் அந்தத் தோல்லயே நின்னுரும். உங்க இடுக்குதான் ஆழம். செம்பு கிழிஞ்சு எஃகு தெரியும்.”

“தெரியட்டும் சார். கதவு இடுக்குல இருட்டுதான தெரியும்.”

அப்படித்தான் இருபது லட்சம் கதவுகள் அச்சாகின, ஓரம் வழுவழுவென்று, காந்தம் காட்டினால் ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறவையாக. காசு ஒரு ஊரில் தங்குமா? மூன்று மாதத்தில் ஆமை குன்றேறியது, உப்பு கலங்கரை விளக்கத்தோடு ஒரே பையில் கிலுங்கியது, மடத்துமுனைக் கதவு ஐந்து துறைக்கும் போய் ஐந்து துறைக் கப்பல்களிலும் ஏறியது. போன இடமெல்லாம் விளக்கு வைத்ததும் ஒரு மயிரிழை திறந்தது.

ஐந்து துறையும் அதை எப்படிச் சேர்த்துக்கொண்டது என்றால், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைச் சேர்த்துக்கொள்வதுபோலத்தான். நெடுந்திடலில் ஏழு மணிக்கு டீக்கடை ரேடியோவைக் குறைத்தார்கள், பிள்ளை தூங்குகிற நேரம் என்று. காவிக்கரையில் பிள்ளையில்லாத ஒரு தம்பதி இரண்டு துட்டைத் தலையணைக்கு இருபுறமும் வைத்து நடுவில் படுத்தார்கள். உப்பங்கால் பெண்கள் அழுகையைக் கேட்டே நோயைக் கண்டுபிடித்து, லாரிக்காரர்கள் கையில் வசம்பும் ஓம வாட்டரும் கொடுத்தனுப்பினார்கள், கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘இடது பக்கமாப் படுக்கப் போடும்மா, காத்துப் பிரியும்.’ கண்டக்டர்கள் அந்தத் துட்டை மிச்சச் சில்லறையாகக் கொடுக்க மனம் வராமல் வைத்துக்கொண்டார்கள். சிலர் பிளாஸ்திரி ஒட்டி வாயை அடைத்தார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது, மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறவர்கள். கோயிலில் சாமியார் பூசை நேரத்தைக் கால்மணி முன்னால் தள்ளி வைத்தார்.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எமரன்சியாவுக்குத்தான் மூச்சு முட்டியது. அவள் தாலாட்டினால் ஐந்து ஊர் கேட்டது, பாதியில் வரி மறந்தால் ஐந்து ஊருக்கும் தெரிந்தது, முழங்காலில் நின்று ஜெபமாலை உருட்டும்போது அவள் பயந்து பயந்து கேட்ட ஒரே ஒரு வேண்டுதல்கூட, பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்கிற வேண்டுதல், எங்கேயோ ஒரு மளிகைக்கடைக் கல்லாவில் போய் விழுந்தது. வீட்டுக்குக் கதவு ஒன்று, வாசல் இருபது லட்சம் என்று ஆகிவிட்டது.

மாதம் ஒருமுறை துறைமுகத்திலிருந்து தொபியாஸ் போன் செய்வான். அவனிடமும் ஒரு துட்டு இருந்தது, கிளம்பின பிறகு ஏதோ ஒரு துறைமுகத்தில் நம் ஊர்க்காரன் ஒருவன் கொடுத்தது.

“எமரா, பவுலி நேத்து அழுதது பசியா, தூக்கமா? எனக்கும் சமையக்காரனுக்கும் சண்டை. நான் தூக்கம்னேன்.”

“பசிதான்.”

“தோத்துட்டேன். போ.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “எஞ்சின் ரூமுக்கு இறங்குமுன்ன சட்டைப்பையில கேக்கும். நான் பார்க்காத பிள்ளை. கதவை அப்பிடியே வச்சிரு எமரா, என்ன?”

“வேற எப்பிடி வைக்கப் போறேன்,” என்றாள். பயமாக இருக்கிறது என்று சொல்ல வந்ததை, ஐந்து ஊருக்கும் கேட்குமே என்று விழுங்கிக்கொண்டாள்.

மழை வந்து போனது. கை மாறக் கை மாறச் செம்பு தேய்ந்தது, செம்பு தேயத் தேய இடுக்கு அகன்றது. முதலில் சத்தம் மட்டும் வெளியே போனது, பிறகு விளக்கு வெளிச்சம் போனது, நெடுந்திடலில் ஒரு வாட்ச்மேன் அந்த வெளிச்சத்தில் பேப்பர் படித்தான், பிறகு கஞ்சி வாசம் போனது. அதன் பிறகு உள்ளே வரவும் ஆரம்பித்தது. காலையில் கதவோரம் பெருக்கினால், துட்டோடு துட்டாக யார் பையிலோ கிடந்ததெல்லாம் அங்கே கிடக்கும்: ஆமைத்துறைப் பஸ் டிக்கெட், ஒரு சட்டைப் பித்தான், பாதி கடித்த பாக்கு, யாரோ சாமிக்கு முடிந்துவைத்த மஞ்சள் துணி. அவள் அதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள், யாராவது தேடி வந்தால் கொடுக்க. பித்தான் வருகிற வழியில் விரல் வர எத்தனை நாளாகும் என்று கணக்குப் பார்த்தாள். பவுலி தவழ ஆரம்பித்திருந்தாள்.

ஐதுரூஸ் மறுபடி வந்தார். தேய்ந்த துட்டு ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“இன்னும் ஒரு மாசம், ரெண்டு மாசம். அதுக்கப்பறம் இது கதவளவுக்குத் திறந்துரும்மா. வர்றவங்க வரலாம், போறவங்க போகலாம். எந்த ஊருக்கு, எந்தப் பைக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“தவழ்ற பிள்ளை வச்சிருக்கேன் சார்.”

“தெரியும். என் வீட்லயும் கேக்குது, இப்ப முழங்கால் தரையில தேய்ற சத்தம்.” கண்ணாடியைத் துடைத்தார். “எல்லாத்தையும் திரும்ப வாங்கலாம்னா, அடிச்ச செலவைவிட அள்ற செலவு மூணு மடங்குங்கிறாங்க கமிட்டியில. ஆனா நீங்க வரைஞ்சது இந்தக் கதவு. இது மூடினா அது மூடும்னுதான் எனக்குப் படுது. உள்தாழ் இருக்குல்ல?”

அதற்குள் தெருவில் நாலு பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லார் புருஷன்மாரும் கடலில்.

“ஏட்டி எமரா, அவர் சொல்லுவார்,” என்றாள் பிரகாசி மைனி. “அவர் ஊர்ல ஆமை. ஆமைக்கு வீடு முதுகுலயே இருக்கு, கதவுக்கு எங்க போகும்? நீ தாழ் போட்ட, தொபியாஸுக்கு மட்டுமா? ஒரே கடல்தானட்டி எல்லாருக்கும்.”

“மரியதங்கம் கதை தெரியும்ல உனக்கு?” என்றாள் இன்னொருத்தி.

எல்லாருக்கும் தெரியும். மரியதங்கம் என்றொருத்தி ஒரு புயல் நாளில் பயந்து தாழ் போட்டாள், அவள் புருஷன் திரும்பவில்லை. தாழ் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே படகு கவிழ்ந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது, ஆனால் ஊர் நாள் பார்க்கவில்லை, தாழைத்தான் பார்த்தது.

“நான் போட மாட்டேன் மைனி,” என்றாள் எமரன்சியா.

சொல்லிவிட்டுப் பிள்ளையின் இடுப்பில் சேலைத் துணியைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் கட்டினாள். விடுதியில் ஒருமுறை, சிற்றாலயத் திருவிழாவுக்கு வெட்ட வந்த ஆட்டுக்குட்டியை இப்படிக் கட்டியிருந்தார்கள். அதை நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம். விளக்கு ஏற்றியாகிவிட்டது, கோயில் மணி அடித்து ஓய்ந்தது, கஞ்சி பொங்குகிறதே என்று அவள் அடுப்படிக்குப் போனாள், பானையை இறக்கினாள், கரித்துணியை உதறினாள், திரும்பினாள், அவ்வளவு நேரம்தான். துணி முடிச்சு அவிழ்ந்து தரையில் கிடந்தது. பவுலி கதவடியில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கை இடுக்கு வழியாக முழங்கை வரைக்கும் வெளியே போயிருந்தது. பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது, அலமாரிக் கிண்ணம் சிரித்தது, தெருமுனைக் கல்லா சிரித்தது.

எமரன்சியா ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். கை வரவில்லை. இடுக்குக்கு வெளியே பிரகாசி மைனியின் வாசல் தெரிய வேண்டும், தெரியவில்லை, தெருவே இல்லை. ஒரு சூடு வந்து முகத்தில் அடித்தது, ஓயாத ஒரு உறுமல் கேட்டது, பூமிக்கடியில் பெரிய மிருகம் ஒன்று புரண்டு படுப்பதுபோல. அந்தப் பக்கம் யாரோ பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள். இழுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தார்கள், பறவைக் குஞ்சைப் பிடிக்கிறவர்கள் பிடிப்பதுபோல, விடவும் மனமில்லாமல், இறுக்கவும் மனமில்லாமல். அவள் கத்த வாயைத் திறந்தாள். ஐந்து ஊரும் காதை வைத்திருந்தது. காற்றோடு ஒரு சொல் மட்டும் வந்தது.

“விட்டுருங்க.”

உறுமல் அப்படியே இருந்தது. பிறகு பிடி தளர்ந்தது, ஒவ்வொரு விரலாக, கடைசி விரல் போக ரொம்ப நேரமாயிற்று. பிள்ளை கையோடு அவள் மடியில் விழுந்து, விளையாட்டைக் கெடுத்த கோபத்தில் வீறிட்டது.

விளக்கடிக்குக் கொண்டுபோய்க் கையைப் பார்த்தாள். கீறல் இல்லை, காயம் இல்லை. மணிக்கட்டைச் சுற்றி வளையல்போலக் கறுப்பாக ஒரு பட்டை, ஒரு கட்டைவிரல், ஒரு சுட்டுவிரல், கிரீஸ். அவள் அதை முகர்ந்தாள். கருகின எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசம், மூன்று தண்ணீர் அலசினாலும் தொபியாஸின் சட்டையைவிட்டுப் போகாத வாசம்.

பார்க்காத பிள்ளையின் கை சட்டைப்பையிலிருந்து நீண்டு வந்திருக்கிறது. அவன் நினைத்திருந்தால் இழுத்திருக்கலாம். இழுத்துத் தூக்கி ஒருமுறை முகத்தைப் பார்த்திருக்கலாம். அந்தச் சூட்டில், அந்த எந்திரங்களுக்கு நடுவில், சுற்றிலும் தண்ணீராக இருக்கிற இடத்தில். அவன் விட்டான். அதை எமரன்சியா நின்று நின்று நினைத்தாள். கதவைத் திறந்து வைப்பதுதான் காத்திருப்பது என்று இத்தனை தலைமுறையாக இந்த ஊர் சொல்கிறது. விடத் தெரிந்தவனுக்காகக் காத்திருக்கக் கதவு திறந்திருக்க வேண்டுமா என்று ஊர் கேட்டதில்லை. இந்தத் துறைக் கதவுகளுக்கெல்லாம் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது. தாழ் விழுந்த வீட்டில் கட்டாயம் ஒரு ஆள் இருக்கும். திறந்து கிடக்கிற வீட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் இடுக்கில் வாயை வைத்தாள். முதல் தடவையாக, ஐந்து ஊருக்கும் கேட்கட்டும் என்றே பேசினாள்.

“ஏங்க, நான்தான். இவ நல்லா இருக்கா. இவ கையைக் கழுவ மாட்டேன், கறை தானாப் போகட்டும். இப்ப நான் தாழ் போடப் போறேன். கடல் ஏதாவது கேட்டா, உள்ள ஆள் இருக்குன்னு சொல்லுங்க. என்னைக்கு வந்தாலும், எந்த நேரத்துல வந்தாலும் தட்டுங்க. எந்திரிச்சு வந்து திறக்க நான் இருக்கேன்.” பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “மைனி, உங்களுக்கும்தான் சொல்றேன். உங்க வீட்டு அண்ணன் வந்து தட்டினா எனக்கும் கேக்கும்.”

எதிர்வீட்டில் முந்தானை முடிச்சை யாரோ இறுக்கிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. அடுப்பில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு இடுக்கின் அந்தப் பக்கம், உறுமலுக்கு நடுவில், நகத்தால் எஃகைத் தட்டுகிற சத்தம். டொக். டொக். தெருவிலிருந்து வந்தால் அவன் எப்படித் தட்டுவானோ அப்படி, இரண்டு தட்டு, நடுவில் ஒரு மூச்சு. தட்டிப் பழகிக்கொள்கிறவன்போல.

எமரன்சியா கதவை மெல்லத் தள்ளிச் சாத்தினாள். சூடு நின்றது. எண்ணெய் போட்டுப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேலாக ஓடாமலிருந்த பித்தளைத் தாழ்ப்பாளைப் பிடித்தாள், பவுலியும் கறுப்பு வளையல் போட்ட கையை அதன்மேல் வைத்தாள், இருவருமாகத் தள்ளினார்கள். அது கடகடவென்று ஓடியது, கல்லாக்களிலும் தோல்பைகளிலும் உண்டியலிலும், காவிக்கரைத் தலையணையின் இருபுறமும், எங்கேயோ நடுக்கடலில் ஒரு சட்டைப்பையிலும் ஓடி, ‘டக்’ என்று குழியில் விழுந்தது.